முதல் வேலை இலவசம்

இனிமேல் பெண்டாட்டி வீட்டு ஆட்களுக்கு ஓசியில் ஒரு வாஷர்கூட மாட்டுவதில்லை என்று சக்திவேல் சபதம் எடுத்தது ஒரு காதுகுத்துப் பந்தியில்.

இலையில் வடை விழுந்தது. அதே நேரத்தில் பெண்டாட்டி ரேணுகாம்பாளின் தாய்மாமன் சின்னசாமி அவன் காதருகே குனிந்தார்.

"மாப்ள, சாப்ட்டுட்டு அப்படியே நம்ம கெணத்து மோட்டாரை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடு. உறுமுது, தண்ணி ஏத்தல."

சக்திவேல் வேங்கிக்காலில் மோட்டார், குழாய் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் பாடத்தை ஸ்பானரும் முதலாளியின் வசவும் சொல்லிக் கொடுத்தன. பேரத்தில் மன்னன். கடைக்காரன் விலை சொன்னதும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நடக்க ஆரம்பிப்பான். தெருமுனை திரும்புவதற்குள் கடைக்காரனே கூப்பிடுவான். கூப்பிடாத கடைக்காரன் திருவண்ணாமலையில் இன்னும் பிறக்கவில்லை. கோபத்துக்கு மட்டும் பேரம் கிடையாது. அது சொன்ன விலைக்கே போகும்.

அன்றைக்கும் போனது.

"போன தடவை வீட்டு மோட்டாரு. அதுக்கு முன்னால மாட்டுக் கொட்டாய் குழாயி. இன்னா மாமா, நான் உங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினேனா, ஊரு வாட்டர் டேங்கைக் கட்டினேனா? ஓசின்னா என் நம்பரை மறந்துடுங்க!"

பந்தி நின்றது. சாம்பார் வாளி நின்றது. குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டு யாருக்குக் காது குத்தினார்கள் என்று பார்த்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வீடு வரும்வரை வண்டியில் ரேணுகாம்பாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான் சக்திவேல். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அப்படி நினைத்தான் என்றால், அவனைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் வித்யாலக்ஷ்மி வந்தாள். கோயில் குருக்கள் வீட்டுப் பெண். சென்னையில் புதுக் கம்பெனிகளில் பணம் போடுவது அவள் தொழில். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவள், அப்பா வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாததால் சக்திவேலைக் கூப்பிட்டாள். அவன் மோட்டாரைத் திட்டினான், தட்டினான், ஓட வைத்தான். அதற்குள் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"இவ்ளோ வாடிக்கை இருக்கே, இதை ஏன் ஸ்டார்ட்அப்பா பண்ணக் கூடாது? ஒரு ஆப் போடுங்க. மூணு மாசம் ஓட்டிக் காட்டுங்க. ஆனா ஒரு புக்கிங்கைக்கூட முடியாதுன்னு திருப்பக் கூடாது. நல்லா ஓடினா நான் பணம் போடறேன்."

ஸ்டார்ட்அப் என்றால் என்னவென்று சக்திவேலுக்கு முழுசாகப் புரியவில்லை. ஆப் என்பது புரிந்தது. தனக்கும் பெண்டாட்டி வீட்டு ஆட்களுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கேட். யார் கேட்டாலும், 'ஆப்புல வாங்க' என்று சொல்லிவிடலாம். கிழங்களுக்கு ஆப் தெரியாது. கதை முடிந்தது.

மாடியில் குடியிருந்த அருண்பிரசாத் கம்ப்யூட்டர் வேலைக்காரன். வாடகைக்குப் பதில் ஆப் என்று பேரம் முடிந்தது. ஆப்புக்குப் பெயர் 'கூப்பிடு'.

"முதல் வேலை இலவசம்னு கொட்டை எழுத்துல போடு," என்றான் சக்திவேல்.

"நஷ்டமாயிடாதாண்ணா?"

"என் கை பட்ட மோட்டாரு வேற கைக்குப் போவாது. ரெண்டாவது வேலைக்கு வந்துதானே ஆவணும்? அங்க புடிக்கறேன். அப்புறம், ரேணு வீட்டுச் சொந்தக்காரங்களுக்கு மட்டும் இலவசம் கெடையாதுன்னு சின்ன எழுத்துல போட்டுடு."

"அது முடியாதுண்ணா. ஆப்புக்கு சொந்தம் தெரியாது. நம்பர்தான் தெரியும்."

"போவட்டும். சொந்தத்துக்கும் ஆப் தெரியாது."

டீ கொண்டுவந்த ரேணுகாம்பாள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "ஏன் தம்பி, ஒரு வீட்டுல நாலு போன் இருந்தா?"

"நாலு கஸ்டமர் அக்கா."

"ஓ," என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆப் தொடங்கிய காலையில் போனுக்கே கற்பூரம் காட்டினான் சக்திவேல். கற்பூரம் அணைவதற்குள் முதல் புக்கிங் விழுந்தது. ஊர்: கீழ்பென்னாத்தூர். வேலை: கிணற்று மோட்டார். பெயர்: சின்னசாமி.

போய்ச் சேர்ந்தபோது மாமா கயிற்றுக் கட்டிலில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

"வா மாப்ள. புக் பண்ணிட்டேன். ஓடிபி சொல்லட்டுமா?"

"உங்களுக்கு யாரு மாமா ஆப்பு வெச்சது?"

"எனக்கா? ரேணுதான் வந்து இறக்கிக் குடுத்துச்சு. சுளுவாத்தான் கீது." மோட்டார் ஓடி முடிந்ததும் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "மாப்ள, நட்சத்திரம் அஞ்சு காட்டுது. எத்தினி அமுக்கட்டும்? நீ மூஞ்சை இப்படி வெச்சுகினு இருந்தா மனசு வரலியே."

சக்திவேல் சிரித்தான். பல் வலிக்காரன் சிரிக்கிற மாதிரி இருந்தது. மாமா நாலு அமுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"இன்னாமே, உங்க மாமாவுக்கு நீதான் இறக்கிக் குடுத்தியா?"

"ஆமாங்க. எவனா இருந்தாலும் ஆப்புல வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அவரு காசு குடுக்க மாட்டாருமே!"

"முதல் வேலை இலவசம்னு நீங்கதானே போட்டீங்க. கடை போர்டுலகூட கீது."

"அது வேத்து ஆளுக்கு!"

"வேத்து ஆளுக்கு ஓசி, சொந்தத்துக்கு காசா? வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

"அடுத்த புக்கிங்கை முடியாதுன்னு திருப்பிடுவேன், பார்த்துக்கோ!"

"திருப்புங்க. பணம் போடற மேடமும் பார்த்துகினுதானே இருக்காங்க."

சக்திவேல் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அப்புறம் புக்கிங் மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா வீட்டுக் குழாய். பெரியம்மாவின் பெரிய மகன் வீட்டு ஹீட்டர். சின்ன மகன் வீட்டு மோட்டார். சின்னம்மா மகள் அருணாதேவி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மறுநாள் அவள் புருஷன் போனிலிருந்து அதே தொட்டியின் மிதவை. அதற்கு மறுநாள் அவள் மாமியார் போனிலிருந்து தொட்டி மூடி. சின்னசாமி வீட்டில் கறவை மாட்டுக்குத்தான் போன் இல்லை.

ஒரு நாள் சக்திவேல் பேரத்துக்கு வந்தான்.

"இந்த வாரம் பாதி பேரு போதும்மே. மீதியை அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."

ரேணுகாம்பாள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள். நடை தெரிந்த நடையாக இருந்தது. கதவைத் தாண்டுவதற்குள் சக்திவேலே கூப்பிட்டான்.

"சரி சரி, எல்லாரும் வரட்டும்."

ஆனால் ஒன்று நடந்தது. அருணாதேவி வீட்டில் அவன் தொட்டியில் இறங்கி ஏறுவதை அக்கம்பக்கம் பார்த்தது. "யாருடி இது, சொன்ன நேரத்துக்கு வர்றாரு?" என்று கேட்டது. ஆப்பை இறக்கியது. ஒரு முறை இலவசம் வாங்கியது, அடுத்த முறை காசு கொடுத்தது. பெரியம்மா தெருவும் அப்படியே. கடையில் இரண்டு ஆள் கூட வைக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் மாசம், காசு வந்த வேலை ஜாஸ்தி, ஓசி வேலை கம்மி. எல்லாம் தன் மூளை என்று சக்திவேல் மாடியில் போய் அருண்பிரசாத்திடம் சொன்னான். அவன் கீழே அடுப்படியைப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணா" என்றான்.

மூன்று மாசம் முடிந்த பௌர்ணமிக்கு மறுநாள் வித்யாலக்ஷ்மி வீட்டுக்கே வந்தாள். கிரிவலம் சுற்றிய கால்வலியோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனில் எல்லாவற்றையும் பார்த்தாள். திருப்பின புக்கிங் ஒன்றுகூட இல்லை.

"பிரமாதம். நான் பணம் போடறேன். எனக்குக் கம்பெனியில மூணுல ஒரு பங்கு."

சக்திவேல் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து நடந்தான். ஆனால் அது அவன் சொந்த வீடு. வாசலைத் தாண்டினான், தோட்டத்துக் குழாய்வரை போனான், அங்கேயே நின்றான். யாரும் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தால் மேடம் ரேணுகாம்பாளோடு அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டு, அதற்காகத்தான் போனவன் மாதிரி திரும்பி வந்தான்.

நடையால் ஆகாதென்றால் கொடுத்து வாங்க வேண்டும். கையில் என்ன இருக்கிறது? சட்டென்று ஒன்று உதித்தது. அடுப்படிக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"ரேணு, உங்க ஆளுங்க வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

"புக் பண்ணினவங்களுக்கு எல்லாம் முடிஞ்சிடுச்சுங்க."

"பாக்கி?"

"புக் பண்ணினதுல ஒண்ணும் பாக்கி இல்ல."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"மேடம், உங்க பங்கைப் பாதியாக் கொறைங்க. அதுக்குப் பதிலா, 'முதல் வேலை இலவசம்' இன்னும் ஒரு வருஷம் ஓடும். செலவு என்னுது."

வித்யாலக்ஷ்மி யோசித்தாள். "ரெண்டு வருஷம்னா சரி. நடுவில நிறுத்தக் கூடாது, ஒருத்தரையும் திருப்பக் கூடாது. எழுதிக் குடுக்கணும்."

"எழுதுங்க!"

எழுதினார்கள். கையெழுத்தில் சக்திவேல் போட்ட சுழி காகிதத்தை விட்டு வெளியே போய்விட்டது.

மேடம் போனதும் இலை போட்டு உட்கார்ந்தான். அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கியது.

"பார்த்தியா? பட்டணத்து மேடத்தையே கவுத்துட்டேன். இனிமே வர்றவன் முச்சூடும் வேத்து ஆளு. இன்னிக்கு ஓசியில வருவான், நாளைக்கு காசோட வருவான். உங்க சொந்தந்தான் மொத்தமும் தீர்ந்துபோச்சே!"

ரேணுகாம்பாள் குழிபறித்த சோற்றில் ரசத்தை நிதானமாக ஊற்றினாள்.

"இதுவரைக்கும் ஆனது எங்க அம்மா வழிதாங்க. அப்பா வழிக்கு இனிமேதான் இறக்கிக் குடுக்கணும்."