ஒரே வீட்டிலிருந்து இருபத்து மூன்று ரிவ்யூ

அன்புள்ள மகளுக்கு,

உன் அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று அம்மா சொன்னாள். நான்கு நாட்களாக நீ அவள் போனை மட்டும் எடுப்பதால் உன் நலத்தை அவளிடம்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தால் எனக்குத் தெரியவா போகிறது? அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆபீஸ் விட்டு வந்து இரண்டு வருஷம் உட்கார்ந்து நீ செய்த ஆப்பை, ஆப் சந்தைக்காரர்கள் தூக்கியதற்குக் காரணம் நான்தான். ஆனால் கதையை ஆரம்பத்திலிருந்து கேள். மாத்திரைப் பட்டை, சோப்பு உறை, எதன் மேல் காட்டினாலும் அதிலுள்ள பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தும் சொல்கிற ஆப் என்று நீ சொன்ன அன்றே சந்தையில் தேடி, பூதக்கண்ணாடிப் படத்தோடு முதலில் வந்ததை இறக்கினேன். மூன்று நாள் இலவசம், பிறகு வாராவாரம் பணம் பிடித்தார்கள். மகள் கேட்டுக் கொடுக்காமல் இருப்பேனா? ஐந்து வாரம் பெருமையோடு கொடுத்தேன். "ஐயோ அப்பா, என் ஆப் இலவசம்ப்பா! நீங்க இறக்கினது என்னைப் பாத்துக் காப்பியடிச்சவனோடது!" என்று நீ கத்திய பிறகுதான் உறைத்தது. அதே பச்சை, அதே பூதக்கண்ணாடி, பெயரில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். பட்டியலில் முதலிடத்தையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். சரி, நிறுத்தித் தொலைப்போம் என்றால் நிறுத்தும் பொத்தானைக் காணோம். ஊரிலுள்ள பொடி எழுத்தையெல்லாம் பெரிதாக்குகிற ஆப், தன்னை நிறுத்தும் வழியை மட்டும் நான்காம் பக்கத்தின் அடியில் எறும்பு படிக்கும் அளவில் எழுதி வைத்திருந்தது. கடைசியில் அம்மா தன் போனில் உன் ஆப்பைத் திறந்து, அதை என் போன் மேல் காட்டிப் படித்துத்தான் நிறுத்தினாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய மெழுகைத் தடவியே கண்டுபிடித்தவன், கடைக்காரர் நீட்டிய தேநீரைக்கூடத் தொடாதவன். அப்படிப்பட்டவனின் மகளுக்குப் பதினோரு ரிவ்யூ, அந்தத் திருடனுக்குக் காசுக்கு வாங்கிய ஒன்பதாயிரமா? என் பிறந்தநாளுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சாப்பாடு முடிந்ததும் புலம்பினேன். உன் அவசர மாமா சும்மா இருப்பானா? "இதெல்லாம் ஒரு விஷயமா அத்தான்? எல்லாரும் போனை எடுங்க, போடுங்க அஞ்சு ஸ்டார்!" என்று எழுந்து நின்றுவிட்டான். நாற்காலி போதாமல் கூடத்திலும் மாடிப்படியிலும் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் இருபத்து மூன்று பேர் போட்டார்கள். சித்தப்பா, "பெண்ணைச் சிறு வயதிலிருந்தே தெரியும், மிகவும் பொறுமைசாலி, நல்ல குடும்பம்" என்று எழுதினார். ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியம்மா ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுதானே ஃபர்ஸ்ட் ரேங்க்? நம்ம புள்ளைக்கு எதுக்கு அஞ்சாவது ரேங்க்?" என்றாள். அவசர மாமா அவசரத்தில் ஏதோ மழை வருமா என்று சொல்கிற ஆப்புக்கு, "எங்கள் வீட்டுப் பெண் செய்தது" என்று போட்டுவிட்டு, பிறகு உன்னுடையதற்கும் போட்டான். நான், "இதைவிடச் சிறந்த ஆப் உலகத்திலேயே இல்லை" என்று எழுதினேன்.

மறுநாள் காலை உன் ஆப் இல்லை. போலி ரிவ்யூ என்று ஒரு வரி, அவ்வளவுதான். நான் ஒரு கடையில் தப்பான எடைக்கல்லைப் பிடித்தால், கடைக்காரரிடம் காட்டி, காரணம் சொல்லி, அவர் பக்கத்தையும் கேட்டுத்தான் மேற்கொண்டு எழுதுவேன். இங்கே சந்தையும் அவர்களுடையது, தராசும் அவர்களுடையது, தீர்ப்பும் அவர்களுடையது. விலைக்கு வாங்கிய ஒன்பதாயிரம் உள்ளே இருக்கிறது, சும்மா போட்ட இருபத்து மூன்று மாட்டிக்கொண்டது. இதைக் கேட்டுப் புகார் எழுதினால், "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று அரை விநாடியில் பதில் வருகிறது. முக்கியமானதைப் படிக்க அரை விநாடியா? ஆனால் யோசித்துப் பார்த்தால், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பெற்ற பெண்ணின் தராசில் நானே விரலை வைத்து அழுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறதம்மா. மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்றே நாள் இருக்கிறது என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் நேற்று ஆறு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி அனுப்பினேன். யார் யார் போட்டார்கள், உனக்கு என்ன உறவு, எந்தப் படியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உட்பட எல்லாம் இருக்கிறது. உனக்கு இதில் எதுவும் தெரியாது என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். இனிமேல் இந்தக் கை யாருக்கும் நட்சத்திரம் போடாது, இது சத்தியம்.

உன் ஆப் திரும்பி வரட்டும், உன் கோபமும் தணியட்டும். எது முதலில் நடந்தாலும் எனக்குச் சம்மதம். நன்றாகச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

பின்குறிப்பு: இன்று காலை உறையை ஒட்டப் போகும்போது பதில் வந்துவிட்டது. இந்த முறை மனிதர் ஒருவர்தான் எழுதியிருக்கிறார். ஐந்தாம் பக்கத்து மாடிப்படி விவரத்தைப் படித்துச் சிரித்தாராம். உன் ஆப் இப்போதே மறுபடி சந்தைக்கு வந்துவிட்டது. காப்பியடித்தவனையும் விசாரிக்கிறார்களாம். எங்கள் இருபத்து மூன்றில் இருபத்திரண்டை அடித்துவிட்டு, உண்மையானது என்று ஒன்றே ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். அது உன் அம்மாவுடையது. இரண்டு நட்சத்திரம்! "ஈரக் கையோடு தொட்டால் வேலை செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறாள். "பெத்த பொண்ணுக்கு ரெண்டு ஸ்டாராடி?" என்று கேட்டேன். "தினமும் யூஸ் பண்றவ நான். நீங்க ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து வீட்டிலுள்ள டப்பா, பாட்டில் எல்லாவற்றின் மேலும் காட்டிப் பார்த்துவிட்டேன். என் மூட்டுவலித் தைலம் போன வருஷமே காலாவதியாம், தூக்கிப் போட்டேன். எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஆனால் தேதியை ரொம்ப வேகமாகப் படிக்கிறது, மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் சத்தியத்தை மீறி மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அதைச் சரி செய்துவிட்டு எனக்கு போன் பண்ணு, நான்காக்குவதைப் பற்றிப் பேசலாம்.