ஒடெஸா ப்ரூயிட்டை நாங்கள் ஆதரித்த வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, மினசோட்டா மாநிலம் லிண்டன் ஃபால்ஸ் நகரில் 'நிறமுள்ளோர் ஆசிரியர் உரிமப் பாதை ஆதரவுக் குழு'வைக் கண்டுபிடித்தான். அதன் செயலாளர் நான் என்பதால் இதைக் கொஞ்சம் அடக்கியே சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் சோமாலியர், மெக்சிகர், ஹ்மோங், கறுப்பர். ஆசிரியர்களோ அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியின் நிறம். இதைப் பார்த்துக் கல்வி மாவட்டம் வெட்கப்பட்டது. வெட்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் அதிகாரிகளுக்குத் தெரியும். உடனே, நிறமுள்ளவர்களை உரிமம் பெற்ற ஆசிரியர்களாக்கும் 'பாதை' ஒன்றைப் போட்டு, அதில் நடப்பவர்களை ஆதரிக்கக் குழு அமைத்தார்கள்.

குழுவில் ஆதரிப்பவர்கள் ஒரு நீள மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து உட்காரும் அளவுக்கு உண்டு. ஆதரிக்கப்படுபவர் ஒருவர். ஆரம்பத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருத்தி நர்ஸாகப் போய்விட்டாள். ஒருவன் லாரி ஓட்டப் போய்விட்டான். ஆதரவைத் தாங்குகிற உடம்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ருபேன் அர்ஸோலா என்கிற நானும் ஆசிரியராகத்தான் புறப்பட்டேன். என்னை அவர்கள் ஆதரித்த ஆதரவில் செயலாளர் நாற்காலியில் வந்து விழுந்தேன். வகுப்பறைப் பக்கம் போயே பல காலம் ஆகிறது.

எஞ்சியவர் ஒடெஸா ப்ரூயிட். சிகாகோவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. இரண்டாம் வகுப்பில் உதவியாளர். அந்த வகுப்பின் ஆசிரியை வெயிலைத் தேடி அரிசோனாவுக்குப் போனதிலிருந்து வகுப்பை நடத்துவது இவர்தான். ஆனால் உரிமம் உள்ள ஒருவர் அறையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே தினமும் ஒரு புதிய பதிலி ஆசிரியர் வந்து மூலையில் உட்கார்ந்து காபி குடிப்பார், ஒடெஸா பாடம் நடத்துவார். ஆண்டறிக்கையில் இதைக் 'கூட்டுக் கற்பித்தல்' என்று எழுதியது அடியேன்.

பட்டம் வாங்கியாயிற்று, பயிற்சியும் முடித்தாயிற்று. ஒடெஸாவுக்குப் பாக்கி ஒரே ஒரு தேர்வு. தலைமையாசிரியர் டக் ஹால்வர்சன் தெளிவாகவே சொல்லியிருந்தார்: "மார்ச்சுக்குள்ள உரிமத்தைக் கொண்டாங்க ஒடெஸா. வகுப்பு உங்களுக்குத்தான். இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்."

அந்தப் பிள்ளைகளை வேறு ஆளிடம் விட ஒடெஸாவுக்கு மனமில்லை. "பதினோரு பேருக்கு இப்பத்தான் எழுத்துக் கூட்ட வந்திருக்கு ருபேன். யாராவது புதுசா வந்து குட்டையைக் குழப்பினா மறுபடியும் முதல்லேர்ந்துதான்" என்று என்னிடம் சொன்னார். நான் மிகுந்த அக்கறையோடு தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குச் சான்றிதழ் உண்டு.

ஜனவரிக் கூட்டம் வழக்கம்போல மண்ணுக்கு மரியாதை செலுத்தித் தொடங்கியது. இந்த நிலம் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுடையது என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டோம். திருப்பிக் கொடுப்பது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் உட்கார்ந்தோம்.

அடுத்தது 'உள்ளத்து வானிலை'. ஒவ்வொருவரும் தம் மனதுக்குள் இன்று என்ன வானிலை என்று அறிவிக்க வேண்டும். தலைவி மார்கிட் ஸ்டென்ஸ்ருட் இதில் தேர்ந்தவர். நல்ல மனுஷி. யாராவது தும்மினால்கூட அவர் கண் கலங்கும்.

"எனக்குள்ள லேசான தூறல். ஆனா நன்றியுள்ள தூறல்" என்றார் மார்கிட்.

"மேகமூட்டம். சாயந்திரம் விலகலாம்" என்றார் டக்.

ஒடெஸாவின் முறை வந்தது. "உள்ள ஒண்ணும் இல்லீங்க. வெளியில இருக்கற வானிலைதான் பிரச்சினை. இந்தக் குளிர்ல வண்டி கிளம்ப மாட்டேங்குது."

"பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

கூட்டம் முடியும் நேரத்தில் மார்கிட் நெஞ்சில் கைவைத்து, எல்லாக் கூட்டங்களிலும் சொல்வதைச் சொன்னார். "ஒடெஸா, எப்ப என்ன உதவி வேணும்னாலும் எங்ககிட்ட கேளுங்க."

எங்கள் ஊர் நாகரிகத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. லிண்டன் ஃபால்ஸில் ஒருவர் உதவுகிறேன் என்றால் முதல் தடவை 'உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்' என்று மறுக்க வேண்டும். இரண்டாம் தடவை 'பரவால்ல, சமாளிச்சுக்கறேன்'. மூன்றாம் தடவையும் கேட்டால்தான் ஏற்றுக்கொள்ளலாம். மூன்றாம் தடவை பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இப்படியாக எல்லோரும் எல்லோருக்கும் உதவத் தயாராகவும், யாரும் யாருக்கும் உதவாமலும், மிகவும் சுமுகமாக வாழ்ந்து வருகிறோம்.

ஒடெஸா முதல் தடவையே சொன்னார்: "ஆமா, வேணும்."

டக்கின் வாயருகே போன காபிக் கோப்பை அங்கேயே நின்றது. ஒரு உறுப்பினர் தன் காதுகேட்கும் கருவியைச் சரிசெய்தார்.

"அதாவது," என்றார் மார்கிட் மெதுவாக, "உதவி வேணும்ங்கற மாதிரி ஒரு உணர்வு இருக்குன்னு சொல்றீங்க."

"இல்லீங்க, உதவியே வேணும். அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை, காலைல எட்டு மணிக்குத் தேர்வு. மினியாபோலிஸ்ல. யாராவது ஒருத்தர் கார்ல கொண்டுபோய் விட்டாப் போதும்."

"அது ஒரு மாதிரி வித்தியாசமான யோசனை" என்றார் டக். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது.

மார்கிட் கவலையோடு கண்ணாடியைக் கழற்றினார். "கொண்டுபோய் விடறதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. நாங்க ஓட்ட, நீங்க பின்னாடி உக்கார... உங்க வாழ்க்கைப் பயணத்தை யார் ஓட்டறதுங்கற கேள்வி வந்துடும்."

"நான் முன்சீட்டுல உக்காந்துக்கறேன்" என்றார் ஒடெஸா.

நான் கையைத் தூக்கினேன். "என்கிட்ட வண்டி இருக்கு. நான் வேணா..."

"ருபேன், நீங்க குறிப்பு எடுங்க" என்றார் மார்கிட். எடுத்தேன்.

துணைக்குழு அமைத்து ஆராய்ந்ததில் ஒரு கொள்கை முடிவு பிறந்தது. தனி ஆள் செய்தால் அது வெறும் உதவி. குழுவாகச் செய்தால்தான் ஆதரவு. நாங்கள் ஆதரவுக் குழு. எனவே எல்லோருமே போவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஏகமனது என்பதில் ஒடெஸா சேர்த்தி இல்லை. அவருக்கு ஓட்டு கிடையாது.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மஞ்சள் பள்ளிப் பேருந்து ஒன்று ஒடெஸாவின் வீட்டு வாசலில் நின்றது. பக்கவாட்டில் 'நாங்கள் ஒடெஸாவோடு' என்ற பதாகை. கட்டிய இடம் சரியாக அவர் ஏறி உட்கார்ந்த இருக்கையின் ஜன்னல் என்பதால் தெருவிளக்கின் வெளிச்சமும் உள்ளே வரவில்லை. அவர் பாடக்குறிப்புகளைச் செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதட்டமா இருக்கா ஒடெஸா?" என்றார் மார்கிட்.

"இல்லீங்க."

"இருந்தாலும் பரவால்ல."

"இல்லவே இல்லீங்க."

"பதட்டப்பட உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அதை யாரும் உங்ககிட்டேர்ந்து பறிக்க முடியாது."

"கொஞ்சம் படிச்சுக்கறேனே."

"படிங்க, படிங்க. உங்களுக்காக நாங்க எல்லாரும் மௌனமா இருக்கப்போறோம்" என்றார் மார்கிட். அந்த மௌனத்தை மேளம் தட்டித் தொடங்கிவைத்தார்கள்.

ஏழே கால் மணிக்கே தேர்வு மையத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். இதைக் குழுவின் எதிரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். முக்கால் மணி நேரம் கையில் இருந்தது. விடைபெற வேண்டியது மட்டும்தான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் விடைபெறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. டக் தொடையில் ஒரு தட்டுத் தட்டி "சரி, அப்ப..." என்றார். சிகாகோக்காரரான ஒடெஸா அத்தோடு முடிந்தது என்று நினைத்து வாசல் பக்கம் திரும்பினார். பாவம், அது தொடக்கம். பேருந்துக்குள் ஒரு சுற்றுக் கட்டித் தழுவல். படியில் ஒரு சுற்று. கீழே இறங்கியதும் திரும்பிப் போக எந்தச் சாலை நல்லது என்ற விவாதம். பிறகு குழுப்படம். அதில் மார்கிட்டின் கண் மூடியிருந்ததால் மறுபடியும் குழுப்படம்.

"நான் கிளம்பறேங்க" என்றார் ஒடெஸா.

"கிளம்புங்க, கிளம்புங்க" என்று எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

டக் ஒரு பெரிய தட்டை நீட்டினார். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ். அவர் மனைவி விடியுமுன்னே எழுந்து செய்தது. "பரீட்சை நடுவுல பசிக்கும்."

"உள்ள சாப்பாடு விடமாட்டாங்க சார்."

"ஒரு வாய் எடுத்துக்கங்க."

"வேணாங்க, பரவால்ல."

டக் அன்றைக்கென்று பார்த்து மூன்றாம் தடவையும் கேட்டார். இத்தனை நாள் எங்களோடு பழகிய தோஷம், ஒடெஸா வாங்கிக்கொண்டார். வாங்கியதும் அதன் செய்முறையை டக் விளக்கத் தொடங்கினார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது அது அசையவில்லை. உள்ளே மேஜையில் இருந்த இளைஞன் எழுந்து வந்தான். "எட்டு மணிக்கு மூடியாச்சுங்க."

"நான் வாசல்லதான நின்னுட்டிருந்தேன்."

"தெரியுங்க. ஆரம்பத்துலேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன். ரொம்பப் பாசமான ஜனங்க."

ஒடெஸா கையில் ஆறிப்போன தட்டோடு அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். அழவில்லை. பக்கத்தில் போனேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "நீ ஒருத்தன் மட்டும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல, ருபேன்?"

வந்திருக்கலாம். அன்றைய குறிப்பில் 'பங்கேற்பாளர் நெகிழ்ந்து பேச்சற்று நின்றார்' என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் குழு உற்சாகமாகவே இருந்தது. "நினைச்சுப் பாருங்க," என்றார் மார்கிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதே தேர்வை அவங்க தனியாப் போயித் தவறவிட்டிருந்தா எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

அடுத்த தேர்வு மே மாதம். மார்ச் வந்துவிட்டது. பதிலி ஆசிரியர்களும் தீர்ந்துவிட்டார்கள். ஒடெஸா டக்கின் அறைக்குப் போனார். கூட நானும் போனேன், குறிப்பெடுக்க.

"தற்காலிக அனுமதின்னு ஒண்ணு இருக்கே சார். பட்டம் இருந்தாப் போதும், பரீட்சை வேணாம். மே வரைக்கும் அதை எனக்குப் போட்டுக் கொடுங்க."

டக் மனம் வருந்தினார். "போடலாம்தான். ஆனா அது பாதையில இல்லாதவங்களுக்கு. நீங்க பாதையில இருக்கீங்களே ஒடெஸா. உங்களுக்குப் போய்க் குறுக்கு வழியைக் காட்டினா அது பாதைக்கே அவமரியாதை இல்லையா?"

"அப்ப என்னைப் பாதையிலேர்ந்து எடுத்துடுங்க."

"ஐயையோ, உங்களை நாங்க கைவிடறதாவது?" என்றார் டக். நிஜமாகவே பதறிப்போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அந்த வகுப்புக்கு ஆசிரியர் வந்துவிட்டார். பெயர் கோல்பி. மார்கிட்டின் தங்கை மகன். பூங்கா நிர்வாகத்தில் பட்டம் பெற்று, பனிச்சறுக்கு அரங்கில் பனித்தரையை வழித்துச் சமமாக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த பையன். மரியாதை தெரிந்தவன். டக் வெள்ளிக்கிழமை போன் செய்தார், அதே தற்காலிக அனுமதி உடனே வந்துவிட்டது. முதல் நாளே அவன் ஒடெஸாவிடம் கேட்டான்: "மேடம், இவங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியுமா, இல்ல நாமதான் சொல்லித் தரணுமா?"

மார்ச் கூட்டத்தில் மண்ணுக்கு மரியாதை முடிந்தது. வானிலையில் ஒடெஸா "அதே குளிர்தான்" என்றார். பகிர்ந்துகொண்டதற்கு நன்றி சொன்னோம். மார்கிட் நெஞ்சில் கைவைத்தார்.

"மே மாசத் தேர்வு வருது. இந்தத் தடவை இன்னும் பெரிய பஸ்ஸா எடுக்கலாம்னு இருக்கோம். வேற எந்த விதத்துல நாங்க உங்களை ஆதரிக்கலாம் ஒடெஸா? மனசு விட்டுச் சொல்லுங்க."

ஒடெஸா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "உங்க தங்கச்சி மகனுக்கு என்ன ஆதரவு கொடுத்தீங்களோ, அதையே எனக்கும் கொடுங்க. அது போதும்."

மார்கிட் டக்கைப் பார்த்தார். டக் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். மார்கிட்டின் கண்கள் நிறைந்துவிட்டன. ஒடெஸாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அவர் மனதார, கொஞ்சமும் கள்ளமில்லாமல் சொன்னார்:

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அவனுக்கு நாங்க எந்த ஆதரவுமே கொடுக்கலையே. வேலையைத்தானே கொடுத்தோம்."