கீழ்ப்படி அக்கா

பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிய பிறகு, புதுச்சேரியில் அசையாததை அசைத்தவர் ஒருவர்தான்: கீழ்ப்படி அக்கா. எனக்கு இளையவர். ஆனாலும் பல் போன பெரியவர்களுக்கும் அவர் அக்காதான்.

எங்கள் லுத்தரன் சபையில் குருப்பட்டம் இல்லாதவர் பிரசங்க பீடம் ஏறக்கூடாது. இறையியல் முடித்து வந்த அக்காவுக்கோ, பெண் என்பதால் அந்தப் பட்டம் இல்லை. பேசலாம், பீடத்தின் கீழ்ப் படியில் நின்று. “சகோதரி: கீழ்ப்படி” என்று கமிட்டி நோட்டில் எழுதினார்கள். அக்கா அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளவில்லை, முகவரியாக எடுத்துக்கொண்டார். அங்கே நின்று மைக் இல்லாமல் பேசினால், முதலியார்பேட்டையில் தூங்குகிறவன்கூட மனந்திரும்புவான்.

வருடா வருடம் பட்டம் கேட்டு மனு கொடுப்பார். “ஜெபத்தில் வைப்போம்” என்போம். அலமாரியில் வைப்போம் என்று அர்த்தம். கமிட்டியில் நானும் உண்டு. எதிர்க்கவும் துணிச்சலில்லை, ஆதரிக்கவும் துணிச்சலில்லை. அதனால் நடுநிலையாளன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அடுத்த வருடம் வாசலில் மடக்குவார்: “இன்னாண்ணே, ஜெபம் முடிஞ்சிதா?”

பிரெஞ்சு பென்ஷன் வாங்குவதால் எல்லாருக்கும் ‘முசியே’ ஆகிவிட்ட செக்ரட்டரிக்கு வேறு கவலை. “போதகர ஐயர்னு கூப்புடுறோம். அவரு சம்சாரத்த ஐயரம்மாங்கிறோம். உன்ன இன்னான்னும்மா கூப்புடுறது?”

“பொறக்காத புள்ளைக்கு ஏன் முசியே இப்பவே ஞானஸ்நானம்? மொதல்ல பட்டத்தக் குடுங்க.”

ஒருநாள் சேதராப்பட்டில் சாகக் கிடந்த ஓர் அம்மாள் திருவிருந்து கேட்டார். பக்கத்தில் அக்காதான் இருந்தார். பட்டமில்லாத கை அப்பம் கொடுக்கக் கூடாது. ஸ்கூட்டரில் பறந்து வந்து, தலைகூடத் துவட்டாத ஐயரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். போய்ச் சேர்வதற்குள் ஐயர் தெரிந்த சங்கீதங்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாராம். அப்பம் வாங்கிய பிறகுதான் அம்மாள் கண்மூடினார்.

அடுத்த கமிட்டியில் ஐயர் எழுந்தார். “உசுரு நிக்குமா நிக்குமான்னு அழுதுக்கினே ஓட்டுச்சு இந்தப் பொண்ணு. இது கையாலயே குடுத்திருந்தா ஆண்டவரு வேணாம்னா சொல்லப்போறாரு? பரிந்துரை பண்ணிடுங்கய்யா. இன்னொரு தபா அந்த வண்டியில ஏற எனக்குத் தெம்பில்ல.”

கைகள் உயர்ந்தன. எல்லார் கையும் உயர்ந்ததை உறுதி செய்துகொண்டு நானும் உயர்த்தினேன். மேலிடம் பட்டம் கொடுத்தது.

அக்கா முதன்முதலாகத் திருவிருந்து கொடுத்த ஞாயிறு, முழங்கால் வலியை மறந்து மண்டியிட்டுவிட்டேன். எழத்தான் முடியவில்லை.

“மெதுவாண்ணே,” என்று ஒரு கையில் அப்பத் தட்டோடு மறுகையால் தூக்கிவிட்டார்.

இத்தனை வருடம் அவரைத் தடுத்துவைத்தவர்களில் ஒருவன் நான். அந்தக் கையை விட மனசே வரவில்லை.