அப்பாவின் நூறாவது கோல்

அன்புள்ள மிரேய் அத்தைக்கு,

"ஒரு அடி முன்னால நின்னீங்கப்பா" என்று அன்று நான் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தபோதும் சொல்லவில்லை, காரில் வீடு திரும்பிய பதினெட்டு கிலோமீட்டரிலும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது தெற்குக் கோடியில், பெர்பிஞானில், இங்கே யார் காதிலும் விழாது. மற்றபடி நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் வலது முட்டியைத் தவிர. மாமாவின் முதுகும் உங்கள் தோட்டத்து அத்திமரமும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அப்பாவின் பெயரை வைக்க நகரசபை முடிவு செய்தது உங்களுக்குத் தெரியும். 'ரெஜிஸ் லெகூத்ர், நூறு கோல்' என்று வெண்கலப் பலகை வார்த்தாகிவிட்டது. திறப்பு விழாவில் கொடுக்க அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறு கையேடு வேண்டும் என்று மேயர் த்யுப்ருல் அம்மையார் நூலகத்துக்கு வந்து என்னிடம் கேட்டார். இரண்டாம் பிரிவில் அவர் ஆடிய பதினோரு ஆண்டுகளின் திங்கட்கிழமைச் செய்தித்தாள்களை நான் ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினேன். தொண்ணூற்றொன்பது. மறுபடி எண்ணினேன், அதேதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் வருட அக்டோபரில் அப்பா தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒரு கோல், எதிரணித் தடுப்பாட்டக்காரரின் முழங்காலில் பட்டுப் போனதாக அந்த மனிதரின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. இதை மேயரிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் தாழ்ந்த குரலில். மதியம் ஊரின் இரண்டு மதுக்கடைகளிலும் அதே பேச்சு.

சேதி காதுக்கு எட்டியிருந்த அப்பா, இரவு சூப்பைக் குடித்து முடித்தார். பிறகு, "பலகையை மாத்த வேண்டாம்னு மேயரம்மாகிட்ட சொல்லு. கணக்கை நான் மாத்திக்கிறேன்" என்றார்.

"அறுபத்தோரு வயசுலயா?"

"கோலுக்கு என் வயசு தெரியாதும்மா."

அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, அத்தை. பொய்யான எண்ணுக்குக் கீழே நின்று கைதட்டல் வாங்க அவருக்கு மனமில்லை. கண்காட்சி ஆட்டத்தில் அடிக்கிற கோல் செல்லாது, பதிவான ஆட்டமாக இருக்கவேண்டும். எனவே மாவட்டத்தின் கடைசிப் பிரிவில் ஆடுகிற எங்கள் மூன்றாவது அணியில் சேர்ந்தார். ஆட்ட உரிமச் சீட்டு வாங்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும் அல்லவா? டாக்டர் நாற்பது வருடமாக அப்பாவோடு சீட்டாடுகிறவர். மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இதயம் விளையாடலாம்னு எழுதியிருக்கேன். முட்டியப் பத்தி எதுவும் எழுதல. அது உனக்கும் முட்டிக்கும் உள்ள விவகாரம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வேட்டைப் பருவம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமையில் யாராவது ஆட்டம் வைப்பார்களா? மாவட்டக் குழு வைத்தது. எங்கள் அணியில் பாதிப் பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விட, எஞ்சியவர்களைக் கூட்டிப் பதினொன்று சேர்த்ததே பெரும்பாடு. வழக்கமாகக் கோட்டருகே கொடி பிடிக்கிறவரும் காட்டுப்பன்றியைத் தேடிப் போயிருந்தார். நான் காரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற நிம்மதியோடு. அணித்தலைவர் கண்ணாடியைத் தட்டினார். "நீ படிச்ச பொண்ணு, ஆஃப்சைடு உனக்குப் புரியும்" என்று கொடியைக் கையில் திணித்து, என் பெயரை ஆட்டத்தாளிலும் எழுதிவிட்டார். நடுவரோ, சொந்த அணி தாக்குகிற பக்கமாகவே கொடிக்காரரை நிறுத்துகிறவர். தன் ஆள்மேல் யாரும் பொய்க்கொடி தூக்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஆக, தொண்ணூறு நிமிடமும் என் பொறுப்பு அப்பா.

முதல் பாதியில் அவர் பந்தை நான்கு முறை தொட்டார், அதில் இரண்டு முறை கையால். ஏழு முறை ஆஃப்சைடு, அதாவது பந்து வருமுன்பே எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றார். ஏழு முறையும் நான் கொடி தூக்கினேன். ஏழாவது முறை கோட்டோரம் வந்து மூச்சிரைக்க நின்றார்.

"சோலேன், நீ யாரு பொண்ணு?"

"உங்க பொண்ணுதான்பா. அதனாலதான் நீங்க எங்க நிப்பீங்கன்னு நல்லாத் தெரியுது."

எதிரணிக் கோல்காப்பாளர் டிராக்டர் பழுதுபார்க்கிறவர், சொக்கப்பனை மாதிரி உயரம். அங்கிருந்தே கத்தினார்: "பெரியவரே, நாற்காலி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"உன் அப்பனுக்கே நான் ரெண்டு கோல் போட்டிருக்கேன்டா, சும்மா நில்லு!"

எண்பத்தெட்டாவது நிமிடம். முந்தைய தாக்குதலுக்குப் பிறகு திரும்பி நடக்க முடியாமல் அப்பா அங்கேயே நின்றுவிட்டார், கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு ஒரு முழு அடி அப்பால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. யாரோ பந்தைக் கண்மூடித்தனமாக உதைத்தார்கள். அது அப்பாவின் கெண்டைக்காலில் பட்டு, சோம்பேறித்தனமாக உருண்டு, காப்பாளரின் கால்களுக்கிடையே உள்ளே போனது.

அப்பா வலையைப் பார்க்கவில்லை, அத்தை. என்னைப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது முறையும் இந்த மனிதர் சந்தோஷப்படுவதற்கு முன் இப்படித்தான் கோட்டுப்பக்கம் திரும்பி, யாரோ ஒருவரின் கையைப் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கை தொங்கியபடியே இருந்தது. கோல் செல்லும் என்று நடுவர் மையத்தைக் காட்டினார்.

"ஏம்மா, கொடியில கல்லு கட்டியிருக்கா?" என்று காப்பாளர் அலறினார். நான் என் காலணியைப் பார்த்தேன்.

காரை அப்பாதான் ஓட்டினார். ஊர் எல்லைச் சிக்னலில் நின்றபோது, "ஒரு அடி இருக்குமா?" என்றார். "பச்சை விழுந்துடுச்சு, போங்கப்பா" என்றேன். போனார். வீட்டுக்கு வந்து பனிக்கட்டியை முட்டியில் வைத்துக்கொண்டு, கையேட்டில் நூறு என்று போடச் சொன்னார். அன்றுபோல அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பலகைத் திறப்பு, பிறகு எல்லாருக்கும் வெள்ளை ஒயின். நீங்களும் மாமாவும் அவசியம் வாருங்கள். இருவருக்கும் இரண்டிரண்டு கன்னத்து முத்தங்களுடன்,

உங்கள் மருமகள்
சோலேன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாவட்டக் குழுவின் கடிதம் வந்தது. கொடி பிடிக்கிறவருக்கும் உரிமச் சீட்டு இருக்கவேண்டுமாம். எனக்கு இல்லை. ஆகவே ஆட்டம் மூன்றுக்குச் சுழியம் என்று நாங்கள் தோற்றதாக அறிவிக்கப்பட்டது, அதில் விழுந்த கோல் எதுவும் யார் பெயரிலும் சேராது. டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், திறப்பு விழா தள்ளிப்போகிறது. அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். என்னைக் கேட்காமலே, செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு எனக்கும் மருத்துவச் சான்றிதழ் வாங்க டாக்டரிடம் நேரம் வாங்கிவைத்திருக்கிறார்.