நாற்பத்தொன்பது

"அவ படத்தை எடுத்தாத்தான் நான் உள்ளே வருவேன்" என்றாள் காளீஸ்வரி.

கிருஷ்ணன்கோவில் கல்லூரி வாசலில் இருந்த பிளெக்ஸில் இரண்டு இளம்பெண்கள் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் காளீஸ்வரி. மற்றவள் ராஜபாளையம் வெங்கடேஸ்வரி. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் இந்திய மகளிர் கிரிக்கெட் அணியோடு நியூசிலாந்து போனவர்கள். இன்றைய விளையாட்டு விழாவுக்கு இருவரும் விருந்தினர் என்பதை உடற்கல்வி ஆசிரியர் தங்கப்பாண்டியன் காளீஸ்வரியிடம் சொல்லாமல் மறைத்திருந்தார்.

"பக்கத்துப் பக்கத்து ஊர்தானே மேடம்..."

"அந்த ஊருப் பக்கமே நான் போறதில்ல. தென்காசிக்குன்னாலும் சிவகாசி சுத்தித்தான் போறேன்."

தங்கப்பாண்டியன் பிளேடால் வெங்கடேஸ்வரியை அறுத்து எடுத்தார். கை மட்டும் காளீஸ்வரியின் தோளிலேயே இருந்தது.

"இது யாரு கை?"

அவசரமாக ஒரு ரோஜா மாலையைக் கொண்டுவந்து கையை மறைத்தார். கை மறைந்தது. ஆனால் காளீஸ்வரி காலமானவளாகிவிட்டாள். இரண்டு மாணவிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து வெங்கடேஸ்வரி இறங்கினாள். மாலையைப் பார்த்தாள். "ஐயோ காளி, போயிட்டியாட்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பியவள், எதிரே நின்றவளைக் கண்டு வாயைப் பொத்தினாள். "ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன். நாப்பத்தொன்பதுலயே இருக்கேன்."

மேடையில் காளீஸ்வரி மைக்கைப் பிடுங்கினாள்.

"டூர்னா என்னன்னு நினைச்சீங்க? ஆம்பளை சைசுல கோட்டு குடுத்தாங்க. நான் பேட் பிடிச்சதை விட ஊசி பிடிச்சதுதான் ஜாஸ்தி. மேட்ச் பாக்க நாப்பது பேரும் வேலிக்கு அந்தப்பக்கம் நூறு ஆடும். ஆடாச்சும் கடைசிவரைக்கும் இருந்துச்சு."

மாணவிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் கிடைச்சது ஒரே மேட்ச். நாப்பத்தொன்பது அடிச்சிட்டேன். ஒரு ரன் போதும். எதிர்முனையில நின்ன இவ, 'வந்து, வந்து'ன்னு கத்துனா. வந்துருங்கிறா, பாதியைக் காத்து கொண்டுபோயிருச்சுன்னு ஓடுனேன். நடுவுல போயிப் பாத்தா இவ நட்ட கல்லாட்டம் நிக்கா! பொறவு, சொன்னியாட்டின்னு கேட்டா, 'ஆமா, ரெண்டு வாட்டி சொன்னேன்'ங்கா!"

"அதைத்தான் காளி நானும்..." என்று எழுந்தாள் வெங்கடேஸ்வரி.

"நீ பேசாத! உக்காரு!"

அந்த மேட்சுக்குப் பிறகு அணியில் காளீஸ்வரியை யாரும் எடுக்கவில்லை. கோட்டைப் பூச்சி அரித்துவிட்டது. புகைப்படம் மங்கிவிட்டது. அந்த டூரிலிருந்து இன்னும் கெடாமல் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அதை அவள் தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

எப்படியாவது சமாதானம் செய்துவிட நினைத்த தங்கப்பாண்டியன் இரண்டு பேட்டுகளை நீட்டினார். "மேடம், அந்த ஒரு ரன்னை இன்னைக்கு எடுத்து அம்பது ஆக்கிருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே ஓடுங்க."

காளீஸ்வரி முதலில் முறைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள். ஐம்பது என்ற எண் காதில் விழுந்ததும் கால்கள் அவளைக் கேட்கவில்லை.

எதிர்முனையில் வெங்கடேஸ்வரி. நடுவராக, ராஜபாளையத்துக்காரரான கல்லூரிப் பஸ் டிரைவர்.

பந்து வந்தது. தட்டினாள். இடப்பக்கம் நின்ற மாணவியை நோக்கி அது உருண்டது. வெங்கடேஸ்வரி கையை ஆட்டிக் கத்தினாள், அதே குரலில், அதே வார்த்தையை, இரண்டு வாட்டி.

காளீஸ்வரி ஓடினாள். பாதியில் நிமிர்ந்து பார்த்தாள். வெங்கடேஸ்வரி அசையவே இல்லை. பின்னால் ஸ்டம்பு விழும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா! எல்லாரும் பாத்தீங்கல்ல!" பேட்டைத் தரையில் ஓங்கி அடித்தாள். "இருபத்தெட்டு வருசங் கழிச்சும் 'வந்து, வந்து'ன்னு கூப்பிட்டுட்டு நிக்கா பாருங்க!"

டிரைவர் விரலை உயர்த்தியபடியே சொன்னார்: "அவிய 'வந்து'ன்னு சொல்லல மேடம், 'வத்து'ன்னாக, எங்க ஊரு வீட்டுத் தெலுங்குல அதுக்கு 'வேண்டாம்'னு அர்த்தம்."