சனிக்கிழமைக் காய்ச்சல்

கைப்பேசியில் 'நிலோஃபர் அத்தா' என்று பெயர் வந்ததும் தஸ்லீமா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஷார்ஜாவிலிருந்து கணவர் உமர் பாரூக். அவருக்குச் சனிக்கிழமை விடுமுறை, வீடியோ காலில் வந்துவிடுவார். மகள் நிலோஃபரோ சனிக்கிழமைதான் அறந்தாங்கி வீட்டில் இருப்பதில்லை. புதுக்கோட்டையில் கல்லூரி வகுப்பில் இருப்பாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடம் நடத்தும் வகுப்பு அது. இதுவரை பிளஸ் டூவுக்கு மட்டும் இருந்தது. இந்த வருடம் நிலோஃபர் படிக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் திறந்துவிட்டார்கள். இப்போதே தேறிவிட்டால் பின்னால் பட்டப்படிப்பில் அந்தப் பாடம் கணக்கில் சேருமாம். பள்ளிக்கூடத்துத் திலகவதி டீச்சர் நிலோஃபர் பெயரைச் சொன்னதும் தஸ்லீமா மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டாள்.

புருஷனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவருடைய அக்கா மகள் வெளியூர் ஹாஸ்டலில் சேர்ந்ததைச் சொன்னபோது மனுஷர் வெறுமனே 'ம்' என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த 'ம்'முக்கு அர்த்தம் தெரியாதா?

போனை எடுத்து, மகள் குளிக்கிறாள் என்றாள்.

"குளிச்சுட்டு வரட்டும். லைன்லயே இருக்கேன்."

சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் போனை அணைத்தாள். பாவம், அன்று முழுக்க அதைத் தொடவே முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காய்ச்சல் என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே காய்ச்சல்.

"அது என்ன, சனிக்கிழமை பாத்து வருது?" என்றார் அவர். குரலில் சூடு இருந்தது.

சற்று நேரத்தில் அவருடைய தம்பி அசாருதீன் மாத்திரையோடு வாசலில் நின்றான். தஸ்லீமா அவசரமாக இரண்டு தலையணையைப் படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள். அவன் வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, புள்ள அசையவே இல்லை என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டான். சொன்னது உண்மைதானே!

விளைவு, உமர் பாரூக் அவசர லீவு போட்டு விமானம் ஏறிவிட்டார். அதுவும் மறு சனிக்கிழமை காலையில் அசாருதீன் சொல்லித்தான் தெரிந்தது. அண்ணியை அவன் மச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"மச்சி, அண்ணன் திருச்சியில எறங்கிட்டாரு. வீட்டுக்கு வரலயாம். நேரா புதுக்கோட்டையில ஏதோ காலேஜுக்குப் போறாராம்."

எல்லாம் தெரிந்துவிட்டது என்று தஸ்லீமா முடிவுகட்டினாள். வகுப்பிலிருந்தே மகளை இழுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் பிள்ளை படித்த மாதிரிதான். கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் அழுகை முட்டியது. புதுக்கோட்டை வருவதற்குள் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது.

கல்லூரி வாசலில் பெட்டியும் கையுமாகக் காவலாளியிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார் அவர். தஸ்லீமா குறுக்கே போய் நின்றாள்.

"ஆமாங்க, நான்தான் அனுப்புறேன். காய்ச்சலும் பொய்யி, குளிச்சதும் பொய்யி. எம்புள்ள படிக்கணும். என்னைய என்ன வேணா சொல்லுங்க, அவள நிறுத்துனா நான் சும்மா இருக்க மாட்டேன்."

உமர் பாரூக் பெட்டியைக் கீழே வைத்தார்.

காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நல்லா இருக்கும்மா கூத்து. 'டீச்சர்கிட்ட போன்ல ரகசியமாச் சொல்லிப் புள்ளையச் சேத்துவிட்டதே நான்தான், எம்பொண்டாட்டிதான் வெளியூருக்கு அனுப்பப் பயந்துக்கிட்டு வீட்டுலயே படுக்க வச்சுட்டா, பேர மட்டும் வெட்டிராதீங்க'ன்னு வந்ததுலேருந்து எங்கையப் புடிச்சுக் கெஞ்சிக்கிட்டு நிக்கிறாரு இந்த மனுசன்!"