எங்கள் வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர. உன் முழங்கால் வலி தேவலையா என்று கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள். இனிமேல் கடிதம் முழுக்க என்னைப் பற்றித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியில் எங்கள் தெருக்காரர்கள் பதினொரு பேரை உட்காரவைத்து, எங்கள் பகுதிக்கு நாங்களே வரைபடம் போடும் பட்டறை நடத்தினேன். நடந்துபோகத் தயக்கமாக இருக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி ஒட்ட வேண்டும். உடைந்த நடைபாதை, விளக்கில்லாத சந்து, கடிக்கிற நாய் என்று ஆளாளுக்கு ஒட்டினார்கள். பிறகு ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் படத்தைக் காட்டி, திருத்தம் கேட்டு, கையெழுத்து வாங்கினால்தான் வார்டு அலுவலகம் அதை எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வீட்டுக்கு வந்து சுருளை விரித்தால், எங்கள் வாசலிலேயே ஒரு புள்ளி.

அக்கா, எங்கள் வாசலில் குழி இல்லை, நாய் இல்லை. நான்தான் இருக்கிறேன். சாயங்காலம் கேட்டில் நின்று போகிறவர் வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான். அப்படியானால் இத்தனை வருஷம் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் என்ன சிரிப்பு? இவரிடம் படத்தைக் காட்டினேன். "நான் தினமும் அந்த வழியாத்தான் வரேன். எனக்கு வேற வழி இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

கையெழுத்து வாங்குகிற சாக்கில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். தையல்காரர், "நான் ஒட்டல மேடம். ஆனா யாரோ ஒட்டியிருக்காங்கன்னா காரணம் இருக்கும்ல" என்றார். ஓய்வுபெற்ற தபால்காரர், "உங்க வீட்டைத் தாண்ட எனக்கு இருபது நிமிஷம் ஆகும்மா. வேலையில இருந்தப்பவே உங்க தபாலைக் கடைசியாத்தான் கொடுப்பேன். ஆனா புள்ளி நான் ஒட்டல, சத்தியமா" என்றார். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன், மருந்துக்கடைக்காரர் என் குடையைப் பார்த்ததும் மேஜைக்குப் பின்னால் குனிந்துகொண்டார், வழுக்கை மட்டும் தெரிந்தது, அதனிடமே கேட்டேன், பதில் வரலை, புதன்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன், பதினொரு பேர்ல ஒருத்தர்கிட்டகூட கையெழுத்து வாங்கல. போன காரியமே மறந்துபோச்சு.

வியாழக்கிழமை காலையில் தையல்காரர் தானே வந்து நின்றார். "நான்தான் மேடம் ஒட்டினேன். தப்புதான். பேனா கொடுங்க." அரை மணி நேரத்தில் தபால்காரர் வந்து, "நான்தாம்மா" என்றார். மருந்துக்கடைக்காரர் போனில், "அது என் புள்ளிதான். கையெழுத்துப் போட நானே வரேன், தயவுசெஞ்சு நீங்க வராதீங்க" என்றார். இருப்பது ஒரு புள்ளி. மூன்று பேரும் கூடிப் பேசி ஒட்டியிருக்கிறார்கள், பார்த்துக்கொள். ஆனாலும் நான் பெரிய மனசு பண்ணி மூன்று பேரையும் மன்னித்தேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கேட்கும்படியாகவே மன்னித்தேன். பொழுது சாய்வதற்குள் பதினொரு கையெழுத்தும் விழுந்துவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், இந்தச் சித்தியைப் போன்ற பொறுமையோடும் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் பட்டறையில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். வரைபடத்தில் அதுவரை எங்கள் வீடு ஒன்றுதான் வரைந்திருக்கிறது. எல்லோரும் தயங்கி நிற்கிறார்கள். "கூச்சப்படாதீங்க, இப்படித்தான் ஒட்டணும்" என்று நான் முதல் புள்ளியை ஒட்டிக் காட்டுகிறேன். தபால்காரருக்குப் போன் போட்டேன். "தெரியும்மா. சொல்லலாம்னு ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். நீங்க இடம் கொடுக்கல" என்றார். இப்போது பதினொரு பேரையும் மறுபடி பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டைத் திறந்தேன். எதிரே வந்த தையல்காரர் என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பி அடுத்த தெரு வழியாகப் போய்விட்டார். அதனால் புள்ளியை எடுக்காமலே படத்தை வார்டு அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். இப்போ அது சரியான தகவல்தான்.